கிழக்குச் சரிவில் நான்கு துளைகள்

திங்கட்கிழமை காலை அந்தோனிப்பிள்ளை கொள்கலனின் இரும்புக் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே எட்டு மாத உழைப்பு மரப்பெட்டிகளாக அடுக்கியிருக்க வேண்டும். இருட்டு மட்டும் இருந்தது.

“டோர்ச்சை அடியும் பிள்ளை,” என்றார்.

அவருடைய மாணவி லோஷினி அடித்தாள். இரண்டு பக்கமும் இரும்புத் தட்டுகள் வெறுமையாக நின்றன. இடப்பக்கத் தட்டுகளுக்குக் கீழே, சிந்திக் காய்ந்த தேநீர் போல, செம்மண் கறை திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது. வலப்பக்கம் வெறும் தூசி. அந்தப் பக்கக் கூரை ஒழுகுகிறது போலும் என்று நினைத்துக்கொண்டு, விளக்கை மறுபடியும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். செனாயிலுள்ள தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குத் தரப் பரிசோதனை வேலை. எதையும் இரண்டு முறை பார்க்காமல் நம்பமாட்டாள். இரண்டு முறை பார்த்த பிறகு தன்னையே சந்தேகப்படுவாள். தவறான கொள்கலனைத் திறந்துவிட்டோமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்தச் செம்பனைத் தோட்டத்தில் இருந்ததே ஒரு கொள்கலன்தான்.

“ஒண்டும் இல்லையோ?”

“இல்ல சார். எல்லாம் போச்சு.”

அந்தோனிப்பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஓய்வுபெற்ற நிலவியல் அதிகாரி, முனைவர் பட்டம் பெற்றவர். இப்போது கூலாய் நகரில் ஒரு மாலைக் கல்லூரியில் வகுப்பு எடுக்கிறார். அண்மையில்தான் கண் அறுவை செய்துகொண்டவர். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அழுகிறாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனை மரங்களுக்கு நடுவே கிடக்கும் வட்டக்குளம்தான் அவருடைய பதினைந்து வருடப் பைத்தியம். மனிதர்கள் இல்லாத ஏதோ ஒரு காலத்தில் வானத்திலிருந்து கல் விழுந்து குடைந்த பள்ளம் அது என்பார். கல் அன்றைக்கே ஆவியாகிப் போயிருக்கும். ஆனால் விழுந்த வேகத்தில் அடியிலிருந்த மணற்கல்லும் களிப்பாறையும் கரையோரம் நிமிர்ந்து மடங்கியிருக்க வேண்டும். அந்த மடிப்பைக் காட்டிவிட்டால் போதும். அதற்காகத்தான் மேற்குச் சரிவில் நான்கு துளை, கிழக்குச் சரிவில் நான்கு துளை போட்டு, கரும்புத் துண்டுகள் போலப் பாறையை உருவியெடுத்துப் பெட்டிகளில் அடுக்கினார்கள். வெள்ளிக்கிழமை வெளிநாட்டிலிருந்து இரண்டு வல்லுநர்கள் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

நிலம் எப்படி மடங்கியிருக்கும் என்று கணினியில் நடத்திப் பார்த்தது லோஷினி. அது அவளுடைய பாட வேலை. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நீ மணற்கல், நீ களிப்பாறை என்று சொல்லிவைத்து, மேலேயிருந்து ஒரு கல்லைப் போட வேண்டும். பாறை தண்ணீர்போல எழும்பிச் சரிந்து அடங்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க, பள்ளத்துக்கு அருகில் சின்னக் கட்டங்களும் தள்ளிப் பெரிய கட்டங்களும் வைப்பார்கள். அவள் முதல் முறை ஓட்டியபோது, களிப்பாறை அடுக்கு ஓரிடத்தில் மாடிப்படி போல ஒடிந்து இறங்கியது.

“சார், இங்க பாறை ஒடஞ்சிருக்கா?” என்று அன்று கேட்டாள்.

“இல்லை பிள்ளை. சின்னக் கட்டமும் பெரிய கட்டமும் முட்டுற இடம் அது. எங்கட மெஷின் போட்ட தையல். பூமியில அப்பிடி ஒண்டும் இராது. சின்னக் கட்டத்தை இன்னும் தள்ளிப் போட்டு ஓட்டும், மறைஞ்சுபோகும்.”

திருத்தி ஓட்ட ஒரு முழு நாள் பிடிக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். துளை போட வந்த ஜெயபாலன், எந்த ஆழத்தில் என்ன பாறை வரும் என்று தெரிந்தால் வேலை சுலபம் என்று கேட்டபோது, அந்தத் தையலோடு இருந்த படத்தையே அச்செடுத்துக் கொடுத்தாள்.

கொள்கலனுக்கு வெளியே காவலாளி செல்லப்பன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

*

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் ரூபேந்திரன் வந்து சேர்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“சாவி எத்தன?”

“மூணு,” என்றாள் லோஷினி, வேறு யாரும் வாய் திறப்பதற்கு முன்பாகவே. “ஒண்ணு சார்கிட்ட. துளை போடுற பாலன் அண்ணன்கிட்ட ஒண்ணு இருந்திச்சு, வேலை முடிஞ்சதும் போன மாசமே சார்கிட்ட குடுத்திட்டாரு.”

அந்தோனிப்பிள்ளை இரண்டு சாவிகளையும் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். “ரெண்டும் கூலாயில எங்கட வீட்டு அலுமாரிக்குள்ள கிடந்தது.”

“மூணாவது?”

“செல்லப்பன் அங்கிள்கிட்ட.”

இன்ஸ்பெக்டர் செல்லப்பன் பக்கம் மெதுவாகத் திரும்பினார். தன் பதில்களைக் கூட்டினால் என்ன தொகை வருகிறது என்று லோஷினிக்கு அப்போதுதான் உறைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொன்னதெல்லாம் உண்மைதான். அதுதான் தொல்லை.

“கடைசியா பெட்டிய எப்ப பாத்தீங்க?”

“சனிக்கிழமை மத்தியானம். நானே லேபிள் சரிபாத்தேன். இடப்பக்கம் மேற்கு, வலப்பக்கம் கிழக்கு,” என்றாள் லோஷினி.

“உள்ள இருந்த கல்லுக்கு என்னா வெலை வரும் டாக்டர்?”

“விலையோ? சந்தையில பத்து சென்டுக்கும் எடுக்கமாட்டாங்கள். ஆனா கிழக்குப் பக்க அளவுகள் இருக்கே, என்ன அழகு! மேற்கில அங்க இஞ்ச தள்ளி வந்தது. கிழக்கில கணக்குப் போட்ட மாதிரியே வந்தது. ஒரு சின்னப் பிளவு மட்டும் விழுந்து கிடக்கு.” அந்தோனிப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியை நேராக்கிக்கொண்டார். “அந்தப் பாறையை நான் கண்ணாலயும் காணேல்லை. கண் ஒப்பரேஷன் எண்டு வீட்டில கிடந்தன். ஜெயபாலன் அளவை மட்டும் போனில அனுப்பினார். மேற்குப் பெட்டிகள் மாதிரியே ஈரம் காயக்கூடாது எண்டு பிளாஸ்டிக் சுத்தி ஆணி அடிச்சு வச்சிருந்தார். வெள்ளிக்கிழமை அவையளுக்கு முன்னால திறப்பம் எண்டு இருந்தன்.”

தோட்டத்து வாசல் தடுப்பில் விசாரித்தாகிவிட்டது. சனிக்கிழமை மாலை ஜெயபாலன் தன் துளை எந்திரத்தைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள், எந்திரமும் கம்பிகளும்தான். அதற்குப் பிறகு செம்பனைக் குலை ஏற்றும் லாரிகூட வரவில்லை.

“அப்ப முப்பது பெட்டியும் ஆவியா போச்சா பெரியவரே?”

“அப்படியும் வச்சுக்கலாம் துவான்,” என்றார் செல்லப்பன், மரியாதை குறையாமல்.

“என்னா?”

“கெழக்குப் பக்கம் ஒருத்தி இருக்கா. இந்தத் தோட்டத்து டிவிஷன்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அங்க மண்ண நோண்டினா அவளுக்குப் புடிக்காது.”

“அலமாக்! பேய் வந்து சாவி போட்டுத் தொறந்து, எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு, திரும்பப் பூட்டிட்டுப் போச்சா?”

“நல்ல பழக்கவழக்கம் உள்ள பேயா இருக்கும்.”

கூட வந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பார்த்ததும் இருமினார்.

“கடைசியா கேக்குறேன். யாருக்குத் தொறந்து விட்டீங்க?”

செல்லப்பன் பூட்டைக் கையில் உருட்டினார். குளத்துக்கு அப்பால், கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே செம்பனை வரிசைகள் நேராகப் போய், ஓரிடத்தில் மட்டும் மரங்கள் வளராமல் குட்டையாக நின்றன. பட்டப் பகலிலும் அங்கே ஒரு மங்கல். மூன்று மாதமாக வாரக் கடைசிகளில் வந்துபோகும் லோஷினி அந்தப் பக்கம் ஒரு முறைகூட நடந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் கால் போகாது.

“அங்கிளால பெட்டியத் தூக்கவே முடியாது சார்,” என்றாள் இன்ஸ்பெக்டரிடம். “குலை விழுந்து எடது தோள் போயிருச்சு. ஒரு பெட்டிக்கு ரெண்டு ஆள் வேணும்.”

“தூக்க ரெண்டு ஆள், தொறக்க ஒரு ஆள். தொறந்தவரப் புடிச்சாச்சு. மத்தத போலீஸ் பாலாய்ல வச்சுக் கேட்டா வரும்.”

அந்த நேரத்தில்தான் ஜெயபாலனின் ஹைலக்ஸ் வண்டி யோங் பெங் ஊரிலிருந்து வந்து நின்றது. நாற்பது வயதிருக்கும், தாடியில் நரை தட்டிய மனிதர். இறங்கியவர் கொள்கலன் பக்கம் திரும்பவே இல்லை.

“மாமாவ ஏன் வண்டில ஏத்துறீங்க?” என்றார்.

செல்லப்பன் போலீஸ் வண்டியின் ஜன்னல் வழியாக அவரை ஒரு பார்வை பார்த்தார். ஜெயபாலன் திறந்த வாயை மூடிக்கொண்டார். ஹைலக்ஸின் முன்கண்ணாடிக்குக் கீழே, லோஷினி கொடுத்த படம் வெயிலில் சுருண்டு கிடந்தது. செம்மண் பெருவிரல் தடங்கள் அதன்மேல் அழுந்தப் பதிந்திருந்தன. இவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கிறதே என்று அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு சின்னப் பெருமை.

“புதன்கிழமை கோர்ட்டுல நிறுத்துவோம்,” என்றார் இன்ஸ்பெக்டர். “தோட்டத்துல தெரிஞ்சா அவரு ரூமையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. நீயே கேட்டுப் பாரு தங்கச்சி, உன்கிட்டயாவது சொல்றாரான்னு.”

லோஷினி ஜன்னலருகே போனாள்.

“அங்கிள், நான்தான் சாவியப் பத்திச் சொன்னேன்.”

“கேட்டேன்.”

“எனக்கு வேற வழி தெரியல.”

“உண்மையத்தானே சொன்ன. போ மா, வெயில்ல நிக்காத.”

*

அன்று மாலை அவள் கல்லூரிக்குப் போனாள். வகுப்பு இல்லை. கணினி அறையில் ஒரே ஒரு குழல் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

தான் சொன்னதில் எங்காவது பிழை இருக்குமா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். மூன்று சாவி சரி. சனிக்கிழமை மத்தியானம் சரி. இடம், வலம் சரி. இந்த வேலையில் அவள் அறிந்து விட்டுவைத்த தவறு ஒன்றுதான், அந்தத் தையல். அதைத் திருத்தினால் செல்லப்பன் வெளியே வரப்போவதில்லை. இருந்தாலும் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். சின்னக் கட்டங்களை இன்னும் வெளியே தள்ளிப் போட்டு, ஓடவிட்டு, வீட்டுக்குப் போனாள். தூக்கத்தில் பூமி மெதுவாக எழும்பிச் சரிந்தது. அது அடங்கும்போதெல்லாம் அதற்குள்ளிருந்து யாரோ இருமுவதுபோல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை வேலை முடிந்து, சீருடையோடு நேராக வந்தாள். கணக்கு முடிந்திருந்தது.

களிப்பாறை அடுக்கு கரையோரம் நிமிர்ந்து, வெளியே போகப் போக வழவழவென்று சரிந்து இறங்கியது. ஒடிவு இல்லை. படி இல்லை. சார் சொன்னது சொன்னபடி, தையல் மறைந்துவிட்டது.

அதன்மேல் மேற்குத் துளைகளின் அளவுகளைப் புள்ளிகளாக வைத்தாள். ஒன்று மேலே, ஒன்று கீழே, ஒன்று நன்றாகவே தள்ளி. நிலம் என்றால் அப்படித்தான் இருக்கும். பிறகு கிழக்குத் துளைகளின் அளவுகளை வைத்தாள்.

நான்கு புள்ளிகளில் இரண்டு கோட்டின்மேல் உட்கார்ந்தன. அடுத்த இரண்டும் திடீரென்று கீழே விழுந்தன. அவள் முன்பு பார்த்த அதே இடத்தில், அதே உயரத்துக்கு.

லோஷினி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். கணினியிலிருந்து அவள் அழித்துவிட்ட தவறு, பண்டார் தெங்காரா மண்ணுக்கு அடியில் இன்னும் அப்படியே இருந்தது.

முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். எண்களைத் திரும்பத் தட்டினாள். பழைய படத்தைத் திறந்து கிழக்குப் புள்ளிகளை அதன்மேல் வைத்தாள். இம்முறை நான்கும் கோட்டில் முடி அளவுகூட விலகாமல் பொருந்தின.

விளக்கை அணைக்க மறந்து, இன்ஸ்பெக்டரைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“சார், செல்லப்பன் அங்கிளைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி ஒரு தடவ குளத்துப் பக்கம் வர முடியுமா? நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம்.”

“தப்பா இருந்தா?”

“தப்பா இருந்தா எனக்குத்தான் நிம்மதி சார்.”

*

புதன்கிழமை காலை ஏழரை மணி. பனி இன்னும் குளத்தைவிட்டுப் போகவில்லை. அந்தோனிப்பிள்ளையும் ஜெயபாலனும் இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார்கள். லோஷினியின் கையில் ஒரு நூல்கண்டு, நுனியில் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கனமான நட்டு.

முதலில் கொள்கலனுக்குக் கூட்டிப் போனாள்.

“ஈரப் பாறையப் பெட்டில வச்சா தண்ணி ஒழுகும். இடப்பக்கம் பாருங்க, கறை. நான் கூரை ஒழுகுதுன்னு நெனச்சேன். கூரை ஒழுகினா தட்டு மேலயும் துரு ஓடியிருக்கும், ஓடல. வலப்பக்கம் ஒரு சொட்டுக் கறை கூட இல்ல. அங்க இருந்த பெட்டிக்குள்ள ஈரப் பாறையே இல்ல சார்.”

இன்ஸ்பெக்டர் குனிந்து விரலால் தூசியைத் தொட்டுப் பார்த்தார். “திங்கக்கிழமையும் பாத்தேன். பாக்கலன்னும் வச்சுக்கலாம்.”

மேற்குச் சரிவில், மூடி போட்ட குழாய் ஒன்று மண்ணிலிருந்து முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகி நூலை விட்டாள். நட்டு இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. கண்டில் பாதி காலியாயிற்று.

பிறகு கிழக்கே நடந்தார்கள். குட்டை மரங்கள் தொடங்கும் இடத்தில் ஜெயபாலன் நின்றுவிட்டார். இன்ஸ்பெக்டர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கரையிலிருந்து மிகத் தள்ளி இருந்த குழாயின் மூடியை லோஷினி திறந்தாள். நூலை விட்டாள். ஒரு முழங்கை ஆழத்தில் நட்டு ‘டொக்’ என்று நின்றது.

அடுத்தது. ‘டொக்.’ அதற்கடுத்தது. ‘டொக்.’

“குழாய மண்ணுல அடிச்சு மூடி போட்டிருக்கு. துளையே இல்ல.” அவள் நட்டை மேலே இழுத்தாள். “துளை இல்லன்னா அளவு எங்கேருந்து வந்திச்சு? நான் குடுத்த படத்துலேருந்து. அந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு சார். சின்னக் கட்டமும் பெரிய கட்டமும் சேர்ற எடத்துல பாறை ஒடஞ்ச மாதிரி தெரியும். அது மெஷினோட கோளாறு. மண்ணுக்குள்ள கட்டமெல்லாம் கெடையாது. ஆனா கிழக்குத் துளையில அதே எடத்துல அதே ஒடிவு. பாறையைப் பாத்து அளந்திருந்தா அது வந்திருக்காது. படத்தப் பாத்து அளந்தாத்தான் வரும்.”

அந்தோனிப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நான் அதைப் பிளவு எண்டு சொன்னன்,” என்றார் மெதுவாக. “தையல் எண்டு உமக்குச் சொல்லித் தந்தவனும் நான்தான்.”

“படம் பாலன் அண்ணன்கிட்ட மட்டும்தான் சார் குடுத்தேன். வெள்ளிக்கிழமை பெட்டியத் தொறந்தா எல்லாம் தெரிஞ்சுரும். கிழக்குப் பெட்டி மட்டும் காணாமப் போனா ஏன்னு கேப்பாங்க. அதனால எல்லாமே போகணும். கேட்டுல வெளிய போகலன்னா உள்ளதான் இருக்கணும். பாலன் அண்ணன்கிட்ட எந்திரம் தள்ளுற வண்டி இருந்திச்சு. தூக்க வேண்டியதில்ல.” அவள் திரும்பிப் பார்த்தாள். “அண்ணே, நான் சொல்றதுல எங்கயாவது தப்பு இருந்தாச் சொல்லுங்க.”

ஜெயபாலன் இரண்டு வரிசைக்கு அப்பால், எல்லைக்கோடு போட்டதுபோல அதே இடத்தில் நின்றிருந்தார்.

“தப்பு இல்ல மா. குளத்துக்குள்ளதான் கெடக்கு. சனிக்கிழமை நீ போனப்புறம் மாமா தொறந்து விட்டாரு, நான் உருட்டிக்கிட்டுப் போயி இறக்கினேன். கெழக்குப் பெட்டில வெறும் மணல். மேற்குப் பெட்டில உள்ள பாறைக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணி என்னா செய்யும் அத.”

“ஏன்?” என்றார் இன்ஸ்பெக்டர். “துளை போட சோம்பேறித்தனமா?”

ஜெயபாலன் சட்டைப் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். உள்ளே ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு. செம்மண் அதில் இன்னும் ஒட்டியிருந்தது.

“நாலாவது குழாய்க்குள்ள இந்தப் பொண்ணு நூல் விடல. கரைக்குக் கிட்டக்க உள்ளது. அது ஒண்ணுதான் நெசத் துளை. ஒரு ஆள் ஆழம் போகல, மண்ணோட சேந்து இது வந்திச்சு. கூடவே எலும்பு. சின்னக் கை எலும்பு.” அவர் கைக்குட்டையை மறுபடியும் மடித்தார். “ரப்பர் பால்மரம் இருந்த காலத்துல எங்க ஆளுங்களப் பொதைச்ச சுடுகாடு இதுதான். செம்பனை நடுறப்ப மேட்டையெல்லாம் தள்ளிச் சமமாக்கிட்டாங்க. எங்க அம்மா புஷ்பவள்ளி இங்கதான் இருக்காங்க, எந்த எடம்னு தெரியாது. எனக்கு அப்ப ஆறு வயசு. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு நெனச்சேன். எங்க தள்ளிப் போட? எங்க கம்பிய எறக்குனாலும் யாரோ ஒருத்தங்க மேலதான் எறங்கும்.”

“டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?”

“சொன்னா எழுதுவாரு. எழுதினா தோட்டத்துக்குத் தெரியும். தோண்டி எடுத்து வேற எங்கயாவது கொண்டு போயி மொத்தமாப் போடுவாங்க. பக்கத்து டிவிஷன்ல அப்படித்தான் செஞ்சாங்க, பாத்திருக்கேன்.”

“அப்ப பெரியவரு? அவரு ஏன் வாயத் தொறக்கல?”

“அவரு சம்சாரம் காளியம்மாவும் இங்கதான். பேய் கதையெல்லாம் அவரு கெளப்பி விட்டதுதான் துவான். ஆள் வராம இருக்கத்தான். என்னைப் பேசாதன்னு கண்ணாலயே சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு நாளா நான் சாப்பிடல.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, உள்பக்கத்தைத் துடைத்து, மறுபடியும் வைத்துக்கொண்டார். பிறகு அந்தோனிப்பிள்ளையைப் பார்த்தார்.

“ரிப்போர்ட் கொடுத்தது நீங்க. பெட்டி தோட்டத்த விட்டு வெளிய போகல. எடம் மாத்தி வச்சிட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுத்தா, பெரியவர மத்தியானத்துக்குள்ள விட்டுரலாம். ஆனா கெழக்குப் பக்கம் என்னா ஆச்சுன்னு வெளிநாட்டுக்காரங்ககிட்ட நீங்கதான் சொல்லணும்.”

லோஷினி நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். சாருடைய பதினைந்து வருட நம்பிக்கையில் பாதியைத் தான் இப்போது ஒரு நட்டைக் கட்டி அளந்து பொய்யாக்கிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“மேற்கு மட்டும் காணாது,” என்றார் அந்தோனிப்பிள்ளை. “அவையள் பாதி வட்டத்தை ஒத்துக்கொள்ளமாட்டினம். வெள்ளிக்கிழமை வர வேண்டாம் எண்டு நான் இண்டைக்கே எழுதுறன்.” அவர் ஜெயபாலனைப் பார்த்தார். “நீர் என்னட்டச் சொல்லியிருந்தா நான் என்ன செய்திருப்பனோ தெரியாது ஐசே. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.”

*

நான்கு மணிக்கு போலீஸ் வண்டி செல்லப்பனைக் கொள்கலன் அருகே இறக்கிவிட்டது. குளத்திலிருந்து தூக்கிய பெட்டிகள் புல்லில் வரிசையாக நீர் சொட்டிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைக் கண்டுகொள்ளவில்லை. நேராக லோஷினியிடம் வந்தார்.

“யாரு உன்ன கேட்டா?”

இரண்டு நாளாக இந்த மனிதர் வெளியே வர வேண்டும் என்று மட்டுமே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். வந்ததும் ஒரு நன்றியாவது இருக்கும் என்று, தனக்கே தெரியாமல் எதிர்பார்த்திருக்கிறாள்.

“உங்கள ஜெயில்ல போடுவாங்கன்னு…”

“போட்டா போடட்டும். எனக்கு என்னா பிள்ளையா குட்டியா? மிஞ்சிப் போனா ரெண்டு வருசம். இப்ப பாரு. போலீஸுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், நாளைக்கு ஆபீஸ்ல தெரியும். காளியம்மாவத் தோண்டி எடுத்து எங்க கொண்டு போவாங்களோ.”

“சார் மாவட்ட ஆபீஸுக்கு எழுதுறேன்னு சொல்லியிருக்காரு அங்கிள். சுடுகாடுன்னு பதிஞ்சிட்டா யாரும் தொட முடியாதாம்.”

“பதிவாங்களா?”

லோஷினி பொய் சொல்லிப் பழகாதவள். “தெரியல அங்கிள்,” என்றாள்.

செல்லப்பன் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜெயபாலன் பக்கம் திரும்பினார்.

“அந்த ஓட்டைய மூடிட்டியா?”

“மூடி மட்டும் போட்டிருக்கேன் மாமா. மண்ணத் தள்ளக் கை வரல.”

“வா.”

இருவரும் குட்டை மரங்களுக்குள் நடந்தார்கள். லோஷினி பின்னால் போய், ஜெயபாலன் காலையில் நின்ற அதே வரிசையில் நின்றாள். சுடுகாட்டுக்குப் பெண்கள் வருவது வழக்கமில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காலையில் இங்கே குழாய் குழாயாக நூல் விட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள்.

ஜெயபாலன் குழாயைப் பிடுங்கிப் போட்டார். கைக்குட்டையைப் பிரித்து, வளையல் துண்டை இரண்டு விரலால் எடுத்துத் துளைக்குள் விட்டார். செல்லப்பன் நல்ல கையால் மண்ணை அள்ளிப் போட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

“என்னா அங்கயே நிக்குற? நோண்டிப் பாத்தவதானே நீயும். வந்து ஒரு பிடி போடு.”

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். குனிந்து மண் எடுத்தாள். உள்ளங்கையில் அது ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது.

“யார் பேரச் சொல்லிப் போடணும் அங்கிள்?”

“தெரியாது மா,” என்றார் செல்லப்பன். “உன் பேரச் சொல்லு. யாரு வந்திருக்கான்னு அவளுக்குத் தெரியட்டும்.”

லோஷினி துளையின் ஓரத்தில் மண்டியிட்டு, தன் பெயரைச் சொல்லி, கையைத் திறந்தாள்.